பின்படிக்கு ஒரு வெளிச்சம்: பழைய கமாண்டர் ஜீப்பில் விளக்கு இழுத்த அனுபவம்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மகிந்திரா கமாண்டர் 1998ஆம் ஆண்டு வண்டி. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் அதுவும் ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பாதான் அதை ஓட்டுகிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு, ஊர் இன்னும் இருட்டில் கிடக்கும்போதே, தூக்குச் சட்டியையும், மழைக்குத் தலையில் போர்த்திக்கொள்ளும் கொங்காணியையும் கையில் பிடித்தபடி பெண்கள் வந்து பின்பக்கப் படியில் ஏறுவார்கள். பின்பகுதியில் நீளவாக்கில் எதிரெதிராக இரண்டு இருக்கைகள், மேலே தார்ப்பாய் ஹூட். அதற்குள் விளக்கு என்று ஒன்று எங்கள் வண்டியில் இருந்ததே இல்லை.

ஒரு மார்கழிக் காலையில், ஏறும்போது கால் வழுக்கி, பின்கதவின் தகர விளிம்பில் ஓர் அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கிழித்துவிட்டது. அன்றைய கூலி போய்விடும் என்று துணியைக் கட்டிக்கொண்டு அவர் தோட்டத்துக்கே வந்தார். இறங்கும்போது என்னிடம், "தம்பி, படி எங்க இருக்குன்னு காலாலதான் தேட வேண்டியிருக்கு" என்றார். குறையாகச் சொல்லாமல், இருப்பதைச் சொல்வதுபோலவே சொன்னார். அந்த வாரமே பின்பகுதிக்கு விளக்குப் போடுவது என்று அப்பாவும் நானும் முடிவு செய்தோம். நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். இருந்தாலும் வண்டி வேலைக்குப் பழகிய கை வேண்டும் என்று எண்ணி, ஒரு பட்டறையில் கொடுத்தோம்.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஹூட்டைத் தாங்கும் இரும்புக் குழாயில் பத்து வாட் பல்பு விளக்குகள் இரண்டை மாட்டி, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து நேராக ஒரு வயரை எடுத்து, என்ஜின் அறைக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகரத்தில் துளை போட்டு உள்ளே விட்டு, ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்கள். விளக்கு எரிந்தது. ஏறுகிறவர்கள் மகிழ்ந்தார்கள். அந்த வயரின் வழியில் எந்த இடத்திலும் ஃபியூஸ் இல்லை என்பதையும், தகரத் துளையில் வயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையமான புஷ் இல்லை என்பதையும் நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, மூன்றாவது வளைவில் ஏறிக்கொண்டிருந்தபோது முதலில் வாடைதான் வந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை. அதற்கடுத்து டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெண்புகை எழுந்தது. அப்பா விளக்குச் சுவிட்சை அணைத்தார், சாவியைத் திருப்பினார், புகை நிற்கவில்லை. இந்தப் பழைய டீசல் வண்டியில் சாவியைத் திருப்பினாலும் என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நிறுத்தும் குமிழை இழுத்தால்தான் நிற்கும். குமிழை இழுத்து, கைப்பிரேக் போட்டு, எல்லோரையும் இறக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து அவர் பேட்டரி முனையைக் கழற்றி முடித்தபோது, புதிய வயர் முழுவதும் தோலுரிந்து, பக்கத்தில் ஓடிய ஹெட்லைட் வயரையும் சேர்த்து உருக்கியிருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் பதின்மூன்று பேர் அந்த இருட்டில், மலை ஓரத்தில், கல்லின் மேல் உட்கார்ந்து வேறு வண்டிக்காகக் காத்திருந்ததை இன்றும் என்னால் எளிதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த வயரை உருவி எடுத்துப் பார்த்தேன். தகரத் துளையின் விளிம்பு பட்ட இடத்தில் தோல் அறுந்து, செம்பு இழைகள் வெளியே தெரிந்தன. டீசல் என்ஜினின் அதிர்வில் அந்த விளிம்பு நான்கு மாதமும் அரம்போல அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வண்டியின் உடல் முழுவதும் எர்த், அதாவது மின்னோட்டம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி என்பதால், பாசிட்டிவ் வயர் எந்த இடத்தில் தகரத்தைத் தொட்டாலும் அது பேட்டரியின் இரு முனைகளையும் நேரடியாக இணைப்பதற்குச் சமம். துளைக்கு முன்பே ஃபியூஸ் இருந்திருந்தால் அது போயிருக்கும், விளக்கு அணைந்திருக்கும், நாங்கள் பல்பு போய்விட்டதென்று நினைத்துக்கொண்டு மலையேறியிருப்போம். சுவிட்சோ அந்தத் துளைக்கு அப்பால் இருந்தது. அதனால் அதை அணைத்தது எந்தப் பயனும் தரவில்லை.

வீட்டு வேலை செய்கிற என்னைப் போன்றவர்களும் தவறாக நினைக்கும் ஒன்று இதில் இருக்கிறது. பன்னிரண்டு வோல்ட் என்றதும், தொட்டால் ஷாக் அடிக்காது, எனவே ஆபத்தில்லை என்று மனம் சொல்லிவிடுகிறது. உண்மையில் மின்னழுத்தம் (வோல்ட்) குறைந்தால் அதே திறனுக்கு மின்னோட்டம் கூடுகிறது. வீட்டில் 60 வாட் பல்பு கால் ஆம்பியர்தான் இழுக்கும், அதே 60 வாட்டுக்கு வண்டியில் 5 ஆம்பியர் வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுவதற்காகவே செய்யப்பட்ட பேட்டரி, குறுக்கே ஒரு வயர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியரை நொடியில் தந்துவிடும். ஷாக் அடிக்காத அந்தப் பன்னிரண்டு வோல்ட்தான் வண்டியை எரிக்கக்கூடியது. வீட்டில் மெயின் போர்டில் ஃபியூஸ் இல்லாமல் ஒரு வயரும் இழுக்க மாட்டேன் என்று இருக்கிற நான், வண்டியில் மட்டும் அதைக் கேட்காமல் விட்டது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இரண்டாவது முறை நானே செய்தேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் வைத்தேன். ஃபியூஸ் வரைக்கும் இருக்கிற வயருக்குக் காவல் எதுவும் இல்லை என்பதால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. துளைக்கு ரப்பர் புஷ் போட்டேன். விளக்குகளை மட்டும் பழைய இடத்திலேயே, ஹூட் குழாயிலேயே விட்டேன். பட்டறையில் செய்திருந்தபடியே எர்த்தையும் அந்தக் குழாயிலிருந்தே எடுத்தேன். இப்போது புகைக்கு வழியில்லை, ஆனால் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. நின்றிருக்கும்போது மங்கலாகவும், வண்டி குலுங்கும்போது மின்னிக்கொண்டும் இருந்தது. பல்பை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைக் குழாயிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் 'பீப்' என்று நன்றாகவே கத்தியது. எர்த் சரியாகத்தான் இருக்கிறது என்று அதை நம்பி இரண்டு நாள் வீணாக்கினேன்.

போடியில் பழைய லாரிகளுக்கு மட்டுமே வேலை செய்யும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டபோது, "விளக்கு எரியறப்ப அளந்தியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். மீட்டரின் 'பீப்' மிகச் சிறிய மின்னோட்டத்தில் பார்க்கும் சோதனை, அதற்கு இரண்டு மூன்று ஓம் தடை ஒரு பொருட்டே இல்லை, ஆனால் ஒன்றரை ஆம்பியர் ஓடும் பல்புக்கு அந்தத் தடைதான் எல்லாம் என்பதை அந்த ஒரு கேள்வியிலேயே அவர் புரியவைத்துவிட்டார்.

அன்று மாலையே வாசலில் வண்டியை நிறுத்தி, விளக்கை எரியவிட்டு, மீட்டரை வோல்ட் நிலைக்கு மாற்றினேன். பேட்டரி முனைகளுக்கு நடுவே 12.5 வோல்ட் இருந்தது. விளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே 9.1 வோல்ட். அப்படியானால் வழியில் 3.4 வோல்ட் தொலைகிறது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து விளக்கின் பாசிட்டிவ் வரை அளந்தால் 0.2 மட்டுமே. விளக்கின் நெகட்டிவில் ஒரு முனையையும் பேட்டரி நெகட்டிவில் மறு முனையையும் வைத்ததும் திரையில் 3.2 என்று நின்றது. ஹூட் குழாயைக் கையால் அசைத்தேன், எண் 1.1க்கு இறங்கி, 4ஐத் தாண்டி, மீண்டும் 3.2க்கு வந்தது, விளக்கும் அதற்கேற்ப ஏறி இறங்கியது. குழாய் உடலோடு சேரும் கூட்டில் இரண்டு தலைமுறைப் பெயிண்டும் அதற்கடியில் துருவும் இருந்தன. மின்னோட்டம் விளக்குக்குப் போவதற்கு நான் தந்த கவனத்தில் பாதிகூட அது திரும்பி வருவதற்குத் தரவில்லை.

பழைய வண்டியில் விளக்கு மங்கினாலும் மின்னினாலும், பத்தில் எட்டு முறை குற்றம் எர்த்தில்தான் இருக்கும் என்பது இப்போது என் உறுதியான கருத்து. உடல் முழுவதும் எர்த் என்று சொல்வது, வண்டி புதிதாக வெளிவந்த நாளில் சரி. இருபத்தைந்து மழைக்காலம் கடந்த வண்டியில் ஒவ்வொரு தகர இணைப்பும், ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனியாகச் சந்தேகப்பட வேண்டியவை. அதிலும் தார்ப்பாய் ஹூட் வண்டியில், மேலே இருக்கும் குழாய்கள் கழற்றி மாட்டுவதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றை எர்த்தாக நம்பவே கூடாது. பாசிட்டிவ் வயரோடு சேர்த்து ஒரு கறுப்பு வயரையும் இழுத்து, உடலில் ஒரே நல்ல இடத்தில் கட்டுவதுதான் சரியான முறை.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்திருந்தது. மாலையில் இறங்கியவர்களில் யாரோ சுவிட்சை அணைக்க மறந்துவிட, இரண்டு பல்புகளும் இரவு முழுவதும் எரிந்தன. இரண்டு பல்பும் சேர்ந்து ஏறக்குறைய 1.6 ஆம்பியர், பத்து மணி நேரத்துக்கு 16 ஆம்பியர் மணி. எங்களுடையது நான்கு வருடம் ஓடிய பேட்டரி. குளிர்ந்த காலையில் டீசல் என்ஜினைக் கிளப்பும் முன் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் கொடுக்க அதில் மிச்சம் இல்லை. ஏற வந்தவர்களே இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். விளக்கைச் சாவியோடு சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று பலரும் சொன்னார்கள். ஆனால் எங்கள் தேவை, வண்டி கிளம்புவதற்கு முன்பு, அப்பா டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஏறுகிறவர்களுக்கான வெளிச்சம். சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும் நேரம் அது. எனவே பேட்டரியிலிருந்து நேரடி இணைப்பே வேண்டும், ஆனால் மறந்தாலும் வண்டியைக் கொல்லாத விளக்கு வேண்டும்.

மூன்றாவது முறை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முதலிலிருந்து யோசித்தேன். முதலில் விளக்கின் இடம். உச்சியிலிருந்து வரும் வெளிச்சம் ஏறுகிறவரின் கண்ணில் படுகிறது, அவருடைய உடலின் நிழலோ படியின் மேலேயே விழுகிறது. வேண்டியது முகத்துக்கு வெளிச்சம் அல்ல, காலுக்கு. எனவே இரண்டு சிறிய எல்இடி விளக்குகளை, ஒவ்வொன்றும் இரண்டரை வாட், இருக்கைகளுக்குக் கீழே இருபுறமும் தரையைப் பார்க்கும்படி வைத்தேன். பின்னால் வரும் வண்டிக்காரர் கண்ணில் வெள்ளை ஒளி படாதபடி தகர மடிப்புக்குள் தள்ளி வைத்தேன். மஞ்சள் கலந்த வெண்மை நிறத்தையே தேர்ந்தெடுத்தேன், நீலம் கலந்த வெள்ளை இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூசவைக்கிறது. இரண்டும் சேர்ந்து 0.4 ஆம்பியர். இரவெல்லாம் எரிந்தாலும் 4 ஆம்பியர் மணிதான் போகும், அதை எங்கள் பேட்டரி தாங்கும்.

எல்இடி பட்டையை மீட்டர் கணக்கில் வாங்கி ஒட்டிவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. அதை விட்டுவிட்டேன். மலிவான பட்டைகளில் மூன்று எல்இடிக்கு ஒரு தடை என்ற கணக்கில் மட்டும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். அவை சரியாக 12 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. வண்டி ஓடும்போது, என்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேலேயே தரும். அந்த இரண்டு வோல்ட் கூடுதலில் பட்டை சூடேறி, சில மாதங்களில் ஒவ்வொரு துண்டாக அணையத் தொடங்கும். வண்டிக்கென்றே செய்யப்பட்ட, உள்ளே மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று உள்ள விளக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

வயர், ஒரு சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்பு. இவ்வளவு சிறிய விளக்குக்கு அதில் பாதியே போதும், ஆனால் மெல்லிய வயர் அதிர்வில் அறுந்துபோகும் என்பதால் கனத்ததை எடுத்தேன். வீட்டுக்குப் பயன்படுத்தும் ஒற்றைக் கம்பி வயர் மிச்சம் இருந்தாலும் அதை வண்டியில் போடக் கூடாது. குலுக்கலில் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். சிவப்பும் கறுப்பும் இணையாக, வரிகள் கொண்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, டாஷ்போர்டின் அடியில் ஸ்டியரிங் தண்டுக்கும் பெடல்களுக்கும் எட்டாதவாறு கட்டி, இடப்பக்கத் தரையோரமாகப் பின்னால் கொண்டுபோனேன். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு டேக் (பிளாஸ்டிக் கட்டு) போட்டேன். தளர்ந்து ஆடும் வயர்தான் உரசும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றவில்லை. என்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்து, ஒரு கோடையிலேயே பிரிந்துவிடுகிறது. வயர் முனையில் மாட்டும் செம்பு லக் வைத்து, அதற்குரிய இடுக்கியால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். சுவிட்சுக்குள் நுழைவதற்கு முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினேன். ஹூட்டிலிருந்து வழியும் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், சுவிட்சுக்குள் போகாது.

எர்த்துக்கு, பின்தரையில் உடலோடு பற்றவைத்த ஒரு நட்டைத் தேர்ந்தெடுத்தேன். வட்ட லக் உட்காரும் அளவுக்குப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளைத் தகரம் தெரியவைத்து, பல்வாஷர் வைத்து இறுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸ் தடவினேன். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து உடலுக்கும் என்ஜினுக்கும் போகும் பழைய பட்டைகளையும் அப்போதே கழற்றிச் சுத்தம் செய்தேன். அது பழுதாக இருந்தால் பின்னால் செய்த எந்த வேலைக்கும் பொருளில்லை.

சுவிட்ச் இரண்டு வைத்தேன். ஒன்று பின்படிக்குப் பக்கத்தில், ஏறுகிறவர் கைக்கு எட்டும்படி. மற்றொன்று அப்பாவின் கையருகே, பின்சுவிட்சுக்கு முன்னால், அதே வயரில் வரிசையாக. அவர் அணைத்துவிட்டால் பின்னால் யார் போட்டாலும் எரியாது. இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். போடிமெட்டில் பனி இறங்கியிருக்கும் காலையில் அது எவ்வளவு கெடுதல் என்பதை ஓட்டுகிறவர்தான் அறிவார். வண்டி நகர்ந்தால் விளக்கு அவர் அதிகாரத்தில் இருக்க வேண்டும் என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். அது சரியான பிடிவாதம்.

ஃபியூஸைப் பற்றி ஒரு வார்த்தை. நான் போட்டது ஊதா நிற 3 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். கடையில், "பதினஞ்சு போடுங்க, அடிக்கடி போகாது" என்றார்கள். ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்காக இல்லை, வயரைக் காப்பதற்காக. 0.4 ஆம்பியர் இழுக்கும் விளக்கின் வழியில் 3 ஆம்பியர் ஃபியூஸ் போகிறது என்றால் எந்த இடத்திலோ வயர் தகரத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். பெரிய ஃபியூஸ் போட்டால் அந்தச் செய்தி நம்மிடம் வந்து சேராது. ஃபியூஸுக்குப் பதில் செம்பு இழையைச் சுற்றி வைப்பதை நான் இன்றும் பல வண்டிகளில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மூன்றாவது வளைவின் புகை நினைவுக்கு வருகிறது.

வேலைக்கு முன் பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையையே முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை தகரத்தைத் தொட்ட நொடியில் பெரிய தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் கழன்றபின் பாசிட்டிவ் முனையிலிருக்கும் ஸ்பேனர் தகரத்தைத் தொட்டாலும் கவலையில்லை. புகை வரும் அவசரத்திலும் என்ஜினை நிறுத்தியபிறகுதான் பேட்டரியைக் கழற்ற வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர்னேட்டர் தானாகவே அந்த வயருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். அப்பா அன்று குமிழை முதலில் இழுத்தது இதனாலும் நல்லதாயிற்று.

எல்லாம் முடிந்ததும், ஃபியூஸ் போடுவதற்கு முன், சிவப்பு வயருக்கும் உடலுக்கும் நடுவே தொடர்பு ஏதாவது இருக்கிறதா என்று சுவிட்ச் அணைந்த நிலையில் பார்த்தேன், இல்லை. பிறகு ஃபியூஸின் இடத்தில் மீட்டரை வைத்து மின்னோட்டம் அளந்தேன். விளக்கு எரியும்போது 0.41, அணைந்தபோது சுழி. இதற்கு மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற வேண்டும். அளந்து முடித்ததும் மறக்காமல் வோல்ட் துளைக்கே திருப்ப வேண்டும். ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரி முனைகளைத் தொட்டால் மீட்டரே ஒரு ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். கடைசியாக, விளக்கை எரியவிட்டு, அதன் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பார்த்தேன். 3.2 என்று நின்ற அதே மீட்டரில் 0.02 என்று வந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு நானும் போய் நின்றேன். காலில் தழும்போடு அந்த அக்காதான் முதலில் வந்தார். பின்சுவிட்சைக் காட்டிக்கொடுத்தேன். போட்டதும் தரையில் வெளிச்சம் பரவி, படியின் விளிம்பும் தரையில் கிடந்த ஸ்டெப்னியும் தெளிவாகத் தெரிந்தன. அவர் எதையும் பிடிக்காமல், தூக்குச் சட்டி கையில் இருக்க, நேராகக் காலை வைத்து ஏறினார். உள்ளே போனதும் தானே சுவிட்ச் பக்கம் திரும்பி, பின்னால் வந்தவருக்காக அதை அணைக்காமல் விட்டார்.

அது நடந்து இரண்டு தென்மேற்குப் பருவமழை போய்விட்டது. ஒவ்வொரு மழை முடிந்ததும் எர்த் நட்டைக் கழற்றித் துடைத்து, புதிய கிரீஸ் தடவி, விளக்கை எரியவிட்டு எர்த்தில் தொலையும் அந்த வோல்ட் அளவை மட்டும் எடுத்துவைக்கிறேன். முதல் ஆண்டு 0.03. இந்த ஆண்டு ஐப்பசியில் 0.11 காட்டியது. லக்கின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை அழுத்தி மாட்டினேன், மீண்டும் 0.02.